வண்டியில தேடுனது தப்புன்னா கேஸ் விழுந்துடுமா?

கேள்வி, ஆகஸ்ட் 3
அண்ணா, சித்தி பையன் நைட்டு ஃப்ரெண்டோட சேர்ந்து கார்ல வந்துட்டிருந்தப்ப வாகன சோதனையில நிறுத்தியிருக்காங்க. வாரண்ட் எதுவும் இல்ல. டிக்கியைத் திறக்கச் சொல்லி உள்ள இருந்த பேக்ல கஞ்சா எடுத்ததா கேஸ் போட்டுட்டாங்க. பேக் என்னோடது இல்ல, கூட வந்தவனோடதுன்னு இவன் சொல்றான். வாரண்ட் இல்லாம தேடி எடுத்த பொருள் கோர்ட்ல செல்லாதுன்னு ஒரு வீடியோல பார்த்தேன். அப்போ ஒரு மனு போட்டா கேஸே அடிபட்டுடும்தானே?

ஆகஸ்ட் 3, இரவு 10.40
அடிபடாது தம்பி. நீங்க பார்த்தது அமெரிக்கச் சட்டம் பத்தின வீடியோவா இருக்கும். அங்க 1961ல மேப் எதிர் ஒஹையோன்னு ஒரு தீர்ப்பு, சட்டவிரோதமா தேடி எடுத்ததை விசாரணையில பயன்படுத்தக்கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் பொருந்துற மாதிரி சொல்லிடுச்சு. அதனால அங்க வக்கீல் முதல் வேலையா அந்த ஆதாரத்தை விலக்கச் சொல்லி மனு போடுவார், அதுல ஜெயிச்சா பாதி கேஸ் முடிஞ்சுது. நம்ம நாட்டுல அந்தக் கதவே கிடையாது. 1973ல பூரன் மல் வழக்குல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு தெளிவா சொல்லிடுச்சு, தேடுன விதம் தப்பா இருந்தாலும் கிடைச்ச பொருள் வழக்குக்கு சம்பந்தப்பட்டதா இருந்தா அதை ஆதாரமா எடுத்துக்கலாம்னு. அது வருமான வரி சோதனை பத்தின வழக்கு, ஆனா கிரிமினல் கேஸ்லயும் அதைத்தான் எடுத்து வைப்பாங்க.

அதனால "வாரண்ட் இல்ல"ன்ற ஒரே வரியைப் பிடிச்சுக்கிட்டு ஓடாதீங்க. ரோட்ல ஓடுற வண்டிக்கு வாரண்ட் கேக்கறதே பெரும்பாலும் நடக்காத காரியம். இங்க கேஸ் உடையற இடமே வேற, பொருள் டிக்கியில இருந்து கோர்ட் மேசைக்கு வந்து சேர்ற வரைக்கும் உள்ள பாதையிலதான் உடையும்.

ஆகஸ்ட் 3, இரவு 11.15
மூணு விஷயம் கேட்டுச் சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர்ல எடை எவ்வளவு போட்டிருக்கு, "ரகசிய தகவல் கிடைத்து"ன்னு இருக்கா இல்ல வழக்கமான சோதனைன்னு இருக்கா, பேக் எங்க இருந்ததா எழுதியிருக்காங்க. எடை ரொம்ப முக்கியம். கஞ்சாவுல ஒரு கிலோவுக்குக் கீழ சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல வணிக அளவு. நடுவுல இருக்கறதுக்கு 10 வருஷம் வரைக்கும் தண்டனை, வணிக அளவுன்னா குறைஞ்சபட்சமே 10 வருஷம். ஜாமீன் கதையும் இதை வச்சுதான் மாறும், வணிக அளவுன்னா போதைப்பொருள் சட்டத்தோட பிரிவு 37 குறுக்க வந்து நிக்கும், ஜாமீன் கேக்கற இடத்துலயே "இவர் குற்றவாளி இல்லைன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கு"ன்னு கோர்ட்டுக்குத் தோணணும்.

ஆகஸ்ட் 4, காலை
1.8 கிலோன்னு சொல்றீங்க, அப்போ நடு அளவு. பிரிவு 37 வராது. இதுவரைக்கும் ஜாமீன் மனு போடலன்னா இன்னைக்கே வக்கீலைப் பாருங்க, இங்க நான் எழுதறதைப் படிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க.

ஆகஸ்ட் 4, இரவு
நிறைய பேர் பிரிவு 50 பத்தி கேக்கறீங்க. போதைப்பொருள் சட்டத்துல மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கறது உண்மைதான். ஒருத்தரோட உடம்பை சோதனை போடறதுக்கு முன்னாடி, "பக்கத்துல உள்ள கெசட்டட் ஆஃபீசர் முன்னாடியோ மாஜிஸ்திரேட் முன்னாடியோ சோதனை போடச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு அவருக்குச் சொல்லியே ஆகணும். 1999ல பல்தேவ் சிங் வழக்குல, இதைச் சொல்லலன்னா உடம்புல இருந்து எடுத்த பொருளை மட்டும் வச்சு தண்டிச்சது நிக்காதுன்னு சொன்னாங்க. 2010ல விஜய்சிங் ஜடேஜா வழக்குல இன்னும் இறுக்கினாங்க, ஏதோ ஓரளவுக்குச் சொன்னோம்ங்கற கதை போதாது, முழுசா கடைப்பிடிச்சிருக்கணும்னு.

இவ்ளோ பலமான பாதுகாப்பு. ஆனா சித்தி பையனுக்கு இது உதவாது. ஏன்னா "உடம்பு"ன்னா உடம்புதான், பேக் இல்ல. 2005ல பவன் குமார் வழக்குலயே அதைச் சொல்லிட்டாங்க, 2023ல ரஞ்சன் குமார் சத்தா வழக்குல திரும்பவும் உறுதி பண்ணினாங்க. பாக்கெட்ல இருந்து எடுத்தா பிரிவு 50, தோள்ல மாட்டின பேக்ல இருந்து எடுத்தா இல்ல. இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசுக்கு ஒப்பாத தீர்ப்பு. வெளியில இருந்து ஒண்ணை வைக்கணும்னா சட்டைப் பையை விட பேக்லயும் டிக்கியிலயும் வைக்கறது எவ்வளவோ சுலபம், பாதுகாப்பு அதிகமா தேவைப்படற இடமே அதுதான். ஆனா சட்டம் இப்ப இதுதான், இதை வச்சுத்தான் வாதாட முடியும்.

ஆகஸ்ட் 5
டிக்கி, கார்னு வந்தா பாக்க வேண்டியது பிரிவு 42, 43. பொது இடத்துல எடுத்தா 43, அதுல சம்பிரதாயம் கம்மி. கட்டடம், வாகனம், அடைப்பான இடம்னா 42. அதுல கிடைச்ச தகவலை முன்கூட்டியே எழுதி வைக்கணும், 72 மணி நேரத்துக்குள்ள மேலதிகாரிக்கு அனுப்பணும், சூரியன் மறைஞ்ச பிறகு தேடுனா வாரண்ட் வாங்க ஏன் நேரமில்லைங்கற காரணத்தையும் எழுதணும். 2021ல பூட்டா சிங் வழக்குல போலீஸ் "ரோடு பொது இடம்தானே, அதனால 43"ன்னு சொன்னாங்க. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. ரோடு பொதுவா இருக்கலாம், அதுல நின்ன ஜீப் தனியார் வண்டி, பொதுப் போக்குவரத்து வண்டி இல்ல, அதனால 42தான்னு சொல்லி விடுதலை பண்ணிட்டாங்க. சொந்தக் கார்ல மாட்டின எல்லா கேஸுக்கும் முதல்ல படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஆகஸ்ட் 5, ஒரு மணி நேரம் கழிச்சு
மேல எழுதினதுல ஒரு எல்லை போடணும். 42 வேலை செய்யறது முன்தகவல் இருந்தாத்தான். ஹெல்மெட், லைசன்ஸ் பாக்கறதுக்கு நிறுத்தி தற்செயலா கிடைச்சுதுன்னு போலீஸ் சொன்னா 42க்கே வேலையில்ல, இதை 1994லயே பல்பீர் சிங் வழக்குல சொல்லியாச்சு. அதனாலதான் எஃப்.ஐ.ஆர்ல முதல் பத்தியில என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். "ரகசிய தகவல்"னு எழுதியிருந்தா அந்தத் தகவலை எங்க எழுதி வச்சாங்க, யாருக்கு எப்ப போச்சுன்னு கேக்க நமக்கு இடம் கிடைக்குது. அடுத்தது, முழுசா கடைப்பிடிக்காததும் தாமதமா கடைப்பிடிச்சதும் ஒண்ணு இல்ல. தாமதத்துக்கு நியாயமான விளக்கம் இருந்தா ஒத்துக்கலாம்னு 2009ல கர்னைல் சிங் வழக்குல அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கு.

ஆகஸ்ட் 7
இன்னைக்கு மகஜர் பத்தி, அதாவது பொருளைக் கைப்பற்றினப்ப சாட்சிகளை வச்சு போலீஸ் எழுதற பத்திரம் பத்தி எழுதறேன். கிரிமினல் பக்கம் ப்ராக்டிஸ் பண்றவன்ற முறையில சொல்றேன், இந்த மாதிரி கேஸ்ல நான் அதிக நேரம் செலவழிக்கறது சட்டப் புத்தகத்துல இல்ல, கைப்பற்றுதல் மகஜர்லதான். சீனியர் கிட்ட ஜூனியரா இருந்தப்ப அவர் மகஜரையும் எஃப்.ஐ.ஆரையும் கைது குறிப்பையும் ரிமாண்ட் அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு வெள்ளைத் தாள்ல நேரத்தை மட்டும் எழுதச் சொல்வார். எத்தனை மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து கிளம்பினாங்க, எத்தனை மணிக்கு வண்டி வந்துச்சு, எடை போட்டது எப்ப, சீல் வச்சது எப்ப, எஃப்.ஐ.ஆர் போட்டது எப்ப. எஃப்.ஐ.ஆர் நம்பரே பிறக்காத நேரத்துல எழுதின மகஜர்ல அந்த நம்பர் இருந்தா அது எப்படி வந்துச்சுன்னு அ.சா.1 (அரசு தரப்பு முதல் சாட்சி) சொல்லியாகணும். பின்னாடி எழுதிச் சேர்த்தோம்னு சொன்னா வேற என்னெல்லாம் பின்னாடி சேர்த்தீங்கன்னு அடுத்த கேள்வி. சம்பவ இடத்துல எழுதினதுன்னு சொல்ற காகிதம் ஸ்டேஷன்ல எழுதினதான்னு காட்டறதுக்கு இதை விட நேரான வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் தராசு. இருட்டுல, ஹைவே ஓரத்துல, எந்தத் தராசுல எடை போட்டாங்க? யார் கொண்டு வந்தாங்க? பேக்கோட சேர்த்தா, பேக் இல்லாமயா? ஒரு கிலோங்கற கோட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கற கேஸ்ல இந்த ஒரு கேள்வி தண்டனையையே மாத்தும். சீல்ல என்ன எழுத்து இருந்துச்சு, அதே எழுத்துதான் ஆய்வக அறிக்கையிலயும் இருக்கா, சீலை யார் கையில குடுத்து வச்சாங்க, கோர்ட்டுக்குப் பொருள் போன தேதி என்ன, நடுவுல எங்க இருந்துச்சு, ஸ்டேஷன் சொத்துப் பதிவேட்டுல பதிவு இருக்கா. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சின்ன விஷயம்தான். ஆனா கைப்பற்றினது 3ஆம் தேதி, கோர்ட்டுக்குப் போனது 19ஆம் தேதி, நடுவுல எங்க இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியலன்னா ஆய்வகம் சோதிச்சது இந்தப் பேக்ல இருந்ததையா இல்ல வேற எதையோவான்னு கோர்ட் எப்படி நிச்சயமா சொல்லும்?

சாட்சிகளும் முக்கியம். வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கியிருப்பாங்க, இல்லன்னா ரெண்டு பேருமே போலீஸா இருப்பாங்க. பொதுமக்கள் சாட்சி இல்லங்கறதுனாலயே கேஸ் போயிடும்னு எதிர்பாக்காதீங்க, போலீஸ் சாட்சியம் நம்பும்படியா இருந்தா அதை மட்டும் வச்சே தண்டிக்கலாம்னு எத்தனையோ தீர்ப்பு இருக்கு. ஆனா டீக்கடையும் பெட்ரோல் பங்க்கும் இருக்கற இடத்துல ஒருத்தரைக் கூட கூப்பிட முயற்சி பண்ணலன்னா அதைக் கேட்டே ஆகணும்.

ஆகஸ்ட் 8
வீடியோ எடுத்தாங்களான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, சரியான கேள்வி. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ல (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 105 இருக்கு. தேடறதையும் கைப்பற்றறதையும், பட்டியல் போட்டு சாட்சிகள் கையெழுத்துப் போடறதையும் வீடியோ எடுக்கணும், மொபைல்லயே எடுக்கலாம், தாமதிக்காம மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். "எடுக்கலாம்"னு இல்ல, "எடுக்கணும்"னு இருக்கு. போதைப்பொருள் சட்டத்துல பிரிவு 51, முரண்பாடு இல்லாத வரைக்கும் பொது நடைமுறைச் சட்டம் இதுக்கும் பொருந்தும்னு சொல்லுது, அதனால "இது தனிச் சட்டம், 105 எங்களுக்கு இல்ல"ன்னு ஒதுங்க முடியாது.

வீடியோ இல்லன்னா கேஸ் காலியா? ஆட்டோமேட்டிக்கா இல்ல. மறுபடியும் பூரன் மல்தான் வந்து நிப்பார். ஆனா கையில போன் இருக்கு, சட்டம் எடுக்கச் சொல்லுது, எடுக்கலன்னா ஏன்னு விளக்கம் சொல்ல வேண்டியது அவங்க. வீடியோ இருந்தா இன்னும் நல்லது, முழுசா காப்பி கேளுங்க. எந்த இடத்துல ஆரம்பிக்குது பாருங்க. பேக் ஏற்கனவே திறந்து வச்ச நிலையில ஆரம்பிக்கற வீடியோ, டிக்கியில என்ன இருந்துச்சுங்கறதை நிரூபிக்கவே இல்ல. பி.எஸ்.ஏ. (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழும் கேளுங்க, அதுல ரெண்டு பகுதி, ஹாஷ் மதிப்பும் (ஃபைலோட டிஜிட்டல் கைரேகை மாதிரி) எழுதியிருக்கணும். அது இல்லாம பென் டிரைவை மட்டும் தூக்கிட்டு வந்தா ஆட்சேபணை பதிவு பண்ணச் சொல்லுங்க.

ஆகஸ்ட் 9
மாதிரி (சாம்பிள்) எடுக்கறது. சம்பவ இடத்துலயே பொட்டலத்துல இருந்து கொஞ்சம் எடுத்து சீல் வச்சு ஆய்வகத்துக்கு அனுப்பறது ரொம்ப நாள் பழக்கமா இருந்துச்சு. 2016ல மோகன்லால் வழக்குல, பிரிவு 52A படி மாஜிஸ்திரேட் முன்னாடிதான் மாதிரி எடுக்கணும்னு சொன்னாங்க. 2023ல யூசுஃப் வழக்கு, அது நம்ம சென்னையில பதிவான கேஸ், அதுல மாஜிஸ்திரேட் முன்னாடி மாதிரி எடுக்காததால முதன்மை ஆதாரமே இல்லன்னு விடுதலை. 52A கடைப்பிடிக்கலன்னா கேஸ் முடிஞ்ச மாதிரிதான்.

ஆகஸ்ட் 11
52A பத்தின அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்காதீங்க. 2025 ஜனவரியில பாரத் அம்பாலே வழக்குல உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 52A மீறல் மட்டுமே கேஸை சாய்ச்சுடாது, அந்த மீறலால கைப்பற்றினதுலயே சந்தேகம் வருதா, மத்த சாட்சியம் எல்லாம் சேர்ந்து நம்பும்படியா இருக்கான்னு பாக்கணும்னு சொல்லியிருக்கு. அதனால 52A மனுவை மட்டும் நம்பி மகஜர் பக்கம் குறுக்கு விசாரணையில சோம்பல் படாதீங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தாத்தான் பலம்.

ஆகஸ்ட் 12
"கஞ்சா கடத்தறவனைத் தப்பிக்க வைக்க பாடம் எடுக்கறீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நேராவே பதில் சொல்றேன். டிராவல்ஸ் வண்டி ஓட்டற ஒரு டிரைவருக்காக நான் ஆஜராகியிருக்கேன், பின் சீட்ல ஏறின ரெண்டு பேர் வழியில இறங்கி ஓடிட்டாங்க, பேக் வண்டியில, டிரைவர் ஸ்டேஷன்ல. அந்த டிரைவரோட பொண்டாட்டி கைக்குழந்தையோட கோர்ட் வராண்டாவுல வாய்தா வாய்தாவா உக்காந்திருந்ததை நான் பார்த்திருக்கேன். அந்த ஸ்டேஷன் ஓடினவங்களைத் தேடவே இல்ல. கையில கிடைச்சவனை வச்சு ஃபைலை முடிச்சாங்க. பொருள் எங்க இருந்து வந்துச்சு, யார் கையில இருந்துச்சு, எடை என்னன்னு கேக்கறது கடத்தறவனுக்கான சலுகைன்னு நினைக்கறவங்க, சும்மா லிஃப்ட் கேட்டு ஏறின ஆளோ வாடகை டிரைவரோ அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு யோசிக்கணும். ஒழுங்கா விசாரிக்கற அதிகாரியையும் நான் கூண்டுல பார்த்திருக்கேன், ரெண்டு மணி நேரம் கிராஸ் பண்ணினாலும் அவர் சாட்சியம் அசையாது. சட்டம் கேக்கறதும் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14
இப்ப சித்தி பையனோட உண்மையான வாதத்துக்கு வர்றேன், பேக் என்னோடது இல்லங்கறது. தெரிஞ்சு வச்சிருந்தானாங்கறதுதான் கேள்வி. சிக்கல் என்னன்னா பிரிவு 35, 54 ரெண்டும் நம்மளுக்கு எதிரா அனுமானம் பண்ணும், எனக்குத் தெரியாதுன்னு நிரூபிக்கற பாரம் நம்ம தலையில விழும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாம. ஆனா அந்த அனுமானம் தானா வராது. பொருள் இவன் வசத்துல இருந்துச்சுங்கற அடிப்படையை முதல்ல அரசு தரப்பு நிரூபிக்கணும், 2008ல நூர் ஆகா வழக்கு அதைத்தான் சொல்லுது. 2002ல அவ்தார் சிங் வழக்குல, வண்டியில மூட்டைகளோட மாட்டினவங்களையே வெறுமனே அங்க இருந்தாங்கங்கறதை வச்சு உடைமைன்னு சொல்ல முடியாதுன்னு விட்டாங்க. அதனால கார் யார் பேர்ல இருக்கு, சாவி யார் கையில, பேக்ல வேற என்ன இருந்துச்சு (துணி, மருந்துச் சீட்டு, ஆதார் ஜெராக்ஸ், எதுவா இருந்தாலும்), கைரேகை எடுத்தாங்களான்னு எல்லாத்தையும் கேக்கணும்.

வாக்குமூலத்துல "நான்தான் வாங்கிட்டு வந்தேன்"னு எழுதி கையெழுத்து இருக்குன்னு பயப்படறீங்க. போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதலை அவனுக்கு எதிரா நிரூபிக்க முடியாது, இப்ப அது பி.எஸ்.ஏ. பிரிவு 23. போதைப்பொருள் சட்டத்துல பிரிவு 67படி விசாரணை அதிகாரி வாங்கற வாக்குமூலத்தை வச்சு ரொம்ப காலம் தண்டிச்சுட்டிருந்தாங்க, 2020ல தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குல அதுவும் போச்சு. அந்த வாக்குமூலத்தால ஏதாவது புதுசா கண்டுபிடிச்சாங்கன்னா அந்தக் கண்டுபிடிப்பு அளவுக்கு மட்டும் உள்ள வரும். கூட வந்தவனும் இதே கேஸ்ல எதிரியா (குற்றம் சாட்டப்பட்டவனா) இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம்.

ஆகஸ்ட் 15
இடையில டிரங்க் அண்ட் டிரைவ் கேட்டவருக்கு சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 185ல அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். மெஷின் பிரிண்ட்அவுட்ல தேதி, நேரம், மெஷின் நம்பர் பாருங்க, மெஷின் எப்ப அளவுதிருத்தம் பண்ணினதுன்னு கேளுங்க. கைது பண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர் பரிசோதனைக்கு உட்படுத்தணும், இல்லன்னா விட்டுடணும், பிரிவு 202. வாசனை வந்துச்சுங்கற வரி மட்டும் வச்சு 30 மில்லிகிராமைத் தாண்டிட்டான்னு சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 17
பூரன் மல் மாறுமான்னு கேட்டவருக்கு. 1983லயே சட்ட ஆணையம் தன்னோட 94ஆவது அறிக்கையில, முறைகேடா எடுத்த ஆதாரத்தைத் தள்ள நீதிபதிக்கு அதிகாரம் குடுக்கணும்னு பரிந்துரை பண்ணிச்சு. யாரும் அதைச் சட்டமாக்கல. 2017ல புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன பிறகு, பூரன் மல் எதை நம்பி நின்னுச்சோ அதுல ஒரு தூண் சாஞ்சுடுச்சுன்னு வாதாட முடியும், நானும் எழுத்துல வைக்கறேன். விசாரணை நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டு பொருளைத் தள்ளும்னு எதிர்பாத்து கேஸ் நடத்த மாட்டேன். ஆனா மேல்முறையீட்டுக்குப் போகணும்னா அந்த ஆட்சேபணை கீழயே பதிவாகியிருக்கணும். 2023ல பழைய சட்டங்களையெல்லாம் தூக்கிட்டு புதுசா எழுதினப்பவாவது இதைச் சேர்த்திருக்கலாம். நல்ல வாய்ப்பு வீணாப் போச்சு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

ஆகஸ்ட் 18
அவசரம். சிசிடிவி. டோல்கேட், பெட்ரோல் பங்க், ஹைவே கடை, எல்லாம் கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சுடும். போலீஸ் ஸ்டேஷன்ல 2020 பரம்வீர் சிங் சைனி தீர்ப்புப்படி 18 மாசம் வைக்கணும், குறைஞ்சது ஒரு வருஷம். அவனைப் பிடிச்சது ராத்திரி 9 மணிக்கு, மகஜர்ல 1 மணின்னு இருக்குன்னு சொல்றீங்க. அப்படின்னா ஃபாஸ்டாக் விவரமும் போன் டவர் விவரமும்தான் உங்க உயிர். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94ல மனு போட்டு, அழிக்காம வைக்கச் சொல்லி உத்தரவு வாங்கணும். சார்ஜ் ஷீட் வரட்டும், ட்ரையல்ல பாத்துக்கலாம்னு எந்த வக்கீலாவது சொன்னா மத்ததுக்கு வேணா காத்திருங்க, இதுக்குக் காத்திருக்காதீங்க. அவனுக்கு ஞாபகம் இருக்கறதை, எங்க நிறுத்தினாங்க, எத்தனை பேர், யூனிஃபார்மா மஃப்டியா, எந்த வண்டியில கூட்டிட்டுப் போனாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வக்கீல்கிட்ட மட்டும் குடுக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல யாருக்கும் அனுப்ப வேண்டாம், இங்கயும் போட வேண்டாம்.

ஆகஸ்ட் 22
ஜாமீன் கிடைச்சுதுன்னு பார்த்தேன், சந்தோஷம். நிபந்தனைக் கையெழுத்தை ஒரு நாள் கூட விடாம போகச் சொல்லுங்க. கார் ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல நிக்குதுன்னு கேட்டீங்க. போதைப்பொருள் கேஸ்ல வண்டியை இடைக்காலமா விட முடியாதுன்னு சொல்வாங்க, அப்படி இல்ல, 2025 ஜனவரியில பிஸ்வஜித் தே வழக்குல உச்ச நீதிமன்றம் விடலாம்னு சொல்லியிருக்கு. கார் அவன் பேர்ல இல்ல, மாமா பேர்லன்னா மனுதாரர் மாமாதான். ஆர்.சி., இன்சூரன்ஸ் காப்பி, வண்டியோட நாலு பக்க போட்டோ எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க. விக்க மாட்டேன், கேக்கறப்ப கொண்டு வருவேன்னு பத்திரம் கேப்பாங்க. வண்டி வெளிய வர்றதுக்கு முன்னாடி டிக்கி பூட்டு சரியா இருக்கா, உடைச்சுத் திறந்த தடயம் இருக்கான்னு பாத்து போட்டோ எடுக்கச் சொல்லுங்க, மகஜர்ல "எதிரியே சாவி போட்டுத் திறந்து காட்டினார்"னு எழுதியிருக்காங்க.

அந்த போட்டோவை வக்கீல் பாத்த பிறகு அவர் என்ன சொன்னார்னு எழுதுங்க.